புது மைதானமும் ஆர்டிஸின் ஞாயிற்றுக்கிழமைகளும்

தோற்றுப் போகட்டும், கடவுளே. இந்த ஒரு தடவை மட்டும் தோற்றுப் போகட்டும். அப்புறம் எதற்கும் உன்னிடம் வந்து நிற்க மாட்டேன்.

கண்களை மூடி, கம்பளிக் கையுறைக்குள் விரல்களைக் கோத்து ஆர்டிஸ் ஹாக்ஸ்டாட் இப்படி வேண்டிக்கொண்டிருந்தபோது அவள் தலைமேல் ஒரு மீன் உட்கார்ந்திருந்தது. உள்ளூர் அணியின் சின்னமான ஸ்டர்ஜன் மீன், நீல ஸ்பாஞ்சில் செய்த தொப்பி. அதன் வாய் அவள் நெற்றிக்கு மேல் திறந்திருந்தது. வால் பிடரியில் ஆடியது. மனமுருகி வேண்டுவதற்கு ஏற்ற கோலம் இல்லை என்பது அவளுக்கே தெரியும். ஆனால் மைதானத்துக்கு வெளியே, கார்கள் நிறுத்தும் அந்தப் பரந்த தார்த் தரையில், அன்று காலை எல்லார் தலையிலும் அதே மீன்தான். கார்களின் பின்கதவைத் தூக்கிவிட்டு, மடக்கு மேஜை போட்டு, கரி அடுப்பில் சாஸேஜ் வாட்டிக்கொண்டு, ஆட்டம் தொடங்கும்வரை பீர் குடித்தபடி ஆயிரக்கணக்கான மீன்கள் குளிரில் நின்றுகொண்டிருந்தன.

"டேய் லோவல், இங்க பாருடா," என்று அவள் கணவன் வெர்லின் பக்கத்துக் காரின் நண்பனைக் கூப்பிட்டான். "நம்ம டீமுக்காக எப்படி உருகி வேண்டிக்கிறா பாரு. நீயும் இருக்கியே, சாஸேஜைத் தவிர வேற எதையாவது அப்படிப் பாத்திருக்கியா?"

"போன வாரமும் இவ வேண்டித்தான்டா தோத்தோம்," என்றான் லோவல்.

ஆர்டிஸ் கண்ணைத் திறந்து சிரித்தாள். அவள் வேண்டியது அணியைப் பற்றியே அல்ல. அணி ஜெயித்தாலும் தோற்றாலும் அவளுக்கு ஒன்றுதான். ஜெயித்தால் வீடு திரும்பத் தாமதமாகும், அவ்வளவே. அவள் தோற்கச் சொன்னது, வரும் செவ்வாய்க்கிழமை மாவட்டம் முழுக்க நடக்கவிருந்த வாக்கெடுப்பை.

ஹார்வே ஸ்டர்ஜன்ஸ் அணியின் முதலாளிக்கு இப்போதிருக்கும் மைதானம் போதவில்லை. மூடித் திறக்கும் கூரை வைத்த புது மைதானம் வேண்டும். பாதிச் செலவை மக்கள் ஏற்க வேண்டும். மாவட்டத்துக்குள் வாங்கும் சோப்பு, செருப்பு, பூனைக்கான டப்பா உணவு எல்லாவற்றின் மேலும் விற்பனை வரியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்காவிட்டால், அணியை மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே வெயிலடிக்கும் ஊர் எதற்காவது போய்விடுவதாக அவர் சொல்லிவிட்டார். ஊர் கதிகலங்கிப் போயிருந்தது. ஒருத்தி மட்டும் அந்த மிரட்டலை ரேடியோவில் கேட்டுவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

அணி போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

கல்யாணத்துக்கு முன்பு வெர்லின் அவளை முதன்முதலாக வெளியே அழைத்துப் போனது இந்த மைதானத்துக்குத்தான். "உனக்கு ஃபுட்பால் பிடிக்குமா?" என்று கேட்டான். "ஓ, பிடிக்குமே," என்றாள். ஹார்வே ஊரின் ஏரிக்கரையில் வளர்ந்தவர்கள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்கள். வேகாத கறிக்கும் சொல்வார்கள், அடுத்த வீட்டுக்காரர் பயணம் போய்வந்து காட்டும் முந்நூறு போட்டோக்களுக்கும் சொல்வார்கள். ஒருவர் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்வதைவிட அவர் காலை மிதிப்பது அங்கே மரியாதை. வெர்லின் அவள் சொன்னதை நம்பினான். அதற்கப்புறம் ஒருமுறைகூட அவன் அதைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? முப்பது குளிர்காலமாக அவள் அவன் பக்கத்தில் நிற்கிறாளே.

பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாமென்று அவளும் நினைத்ததுண்டு. முதல் வருடம், இவ்வளவு சீக்கிரமா என்று தோன்றியது. பத்தாம் வருடம், இவ்வளவு தாமதமாகவா என்று தோன்றியது. நடுவில் எங்கோ சரியான நாள் ஒன்று இருந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து அணி இறுதி ஆட்டத்தில் ஆடியிருக்கும்.

பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அந்த அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் இன்னும் அவளுக்குப் புரியவில்லை. தடித்தடியான ஆட்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். எழுந்து நின்று ஆலோசிக்கிறார்கள். ஆலோசித்த பிறகும் மறுபடி விழத்தான் செய்கிறார்கள். மற்றவர்கள் எழுந்தால் அவளும் எழுவாள், கத்தினால் கத்துவாள். தொண்டை நல்ல தொண்டை. மாதா கோவில் பாட்டுக் குழுவில் பழகியது. அதனால்தானோ என்னவோ, அந்தப் பகுதியிலேயே பெரிய ரசிகை என்று அவளுக்குப் பெயராகிவிட்டது. கூடவே அவள் செய்யும் சீஸ் உருளைக்கிழங்கு. பெரிய அலுமினியத் தட்டில், மேலே கார்ன்ஃபிளேக்ஸ் தூவி ஓவனில் வேகவைத்தது. அந்த உருளைக்கிழங்குக்காக எதிரணி ரசிகர்கள்கூட வந்து சிநேகம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

சில வாரங்களுக்கு முன்பு அணியின் அலுவலகத்திலிருந்து டாரின் க்ளேபோ என்ற இளைஞன் பிரசாரத்துக்கு ஆள் சேர்க்க வந்தபோது, எல்லாரும் அவளைத்தான் கை காட்டினார்கள்.

"மிசஸ் ஹாக்ஸ்டாட், நீங்க ஒரு வீட்டுக் கதவைத் தட்டினா யாரு உங்களுக்கு மாட்டேன்னு சொல்லுவாங்க?" என்றான் டாரின். வாய் நிறைய உருளைக்கிழங்கு.

யாருக்கும் மாட்டேன் என்று சொல்லாதவள் நான் ஒருத்திதான் என்று அவள் நினைத்தாள். "ஓ, செய்யலாமே," என்றாள்.

ஆக, வாக்கெடுப்பு தோற்க வேண்டும் என்று மனதுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவள், மார்பில் 'சரி' என்று கொட்டை எழுத்தில் எழுதிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவளுக்குச் சத்தியமாக இல்லை. ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்யவே நினைத்தாள். ஆனால் வாசலில் நிற்பவர் ஏதாவது சொன்னால் கேட்கத்தானே வேண்டும்? கேட்டால் ஆமோதிக்கத்தானே வேண்டும்? அதுதானே மரியாதை?

பிர்ச் தெருவில் மிசஸ் க்ரீஸல் என்ற வயதான பெண்மணி கதவைத் திறந்தாள்.

"அடடா, மூக்கெல்லாம் சிவந்து போச்சே. உள்ள வாம்மா. காபி குடிக்கறியா?"

"ஐயோ, வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சிரமம் என்ன, போட்டு வெச்சிருக்கேன்."

"இல்ல இல்ல, பரவாயில்ல."

"அரைக் கப்பு?"

"சரி, அரைக் கப்பு." மூன்றாம் முறைதான் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் முறையே ஒப்புக்கொள்பவர்கள், மரியாதை தெரியாத கிழக்குக் கடற்கரை நகரத்துக்காரர்கள்.

காபி முழுக் கப்பாகவே வந்தது. கூடவே ஒரு தட்டில் எலுமிச்சைக் கேக் துண்டுகள். ஆர்டிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, டாரின் கொடுத்த அட்டையில் இருந்ததைச் சொன்னாள். புது மைதானம் வந்தால் வேலைகள் பெருகும், ஊருக்குக் கௌரவம், செவ்வாய்க்கிழமை தயவுசெய்து.

மிசஸ் க்ரீஸல் பொறுமையாகக் கேட்டாள். "நம்ம லைப்ரரிக் கூரை ஒழுகுது, தெரியுமா? குழந்தைங்க புத்தகம் இருக்கற மூலையில வாளி வெச்சிருக்காங்க. இந்த மனுஷன் என்னடான்னா மைதானத்துக்குக் கூரை கேக்கறாரு. அதுவும் தெறந்து மூடற கூரை. லைப்ரரியில தெறந்தது அப்படியே இருக்கு, அதை மூடத்தான் ஆளில்ல."

"நீங்க சொல்றது நியாயந்தான்," என்றாள் ஆர்டிஸ்.

"நீயே இப்படிச் சொன்னா எப்படிம்மா? சட்டையில வேற மாதிரி எழுதியிருக்கே?"

"சட்டை அவங்க கொடுத்தது."

மிசஸ் க்ரீஸல் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். தட்டில் ஒரே ஒரு துண்டு கேக் மிச்சமிருந்தது. அந்த ஊரில் கடைசித் துண்டை யாரும் முழுதாக எடுக்க மாட்டார்கள் என்பதால் ஆர்டிஸ் அதில் பாதியை வெட்டி எடுத்தாள். மிசஸ் க்ரீஸல் மீதிப் பாதியில் பாதியை எடுத்தாள். மிச்சத்தைப் பார்த்தபடி இருவரும் லைப்ரரியைப் பற்றி மேலும் பேசினார்கள். ஆர்டிஸ் விடைபெற்றபோது மிசஸ் க்ரீஸல் சொன்னாள்: "இதுவரைக்கும் எந்தப் பக்கம் போடறதுன்னு ஒரு குழப்பம் இருந்துச்சு. நீ வந்து பேசினப்புறம் தெளிவாயிடுச்சு. எதிர்த்துத்தான் போடப்போறேன். ரொம்ப நன்றிம்மா."

பிர்ச் தெரு முழுக்க இப்படித்தான் ஆனது. எல்ம் தெருவும்.

எதிர்ப்பக்கத்தின் பிரசாரத்தை நடத்தியவள் மேவிஸ் ஸிட்கா. அடுத்த வீட்டுக்காரி, வாழ்நாளெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் பேசினால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். ஒரு மாலை கையில் 'வேண்டாம்' என்று எழுதிய அட்டையும் சுத்தியலுமாக வந்து நின்றாள்.

"ஏண்டி ஆர்டிஸ், உன் புல்வெளியில இதை ஒரு ஓரமா நட்டுக்கறேன். ஒண்ணும் நெனச்சுக்க மாட்டியே?"

"வெர்லின் ஏற்கெனவே ஒண்ணு நட்டிருக்கானே, மேவிஸ்."

"பாத்தேன். அந்தப் பக்கம்தானே இருக்கு? இந்தப் பக்கம் காலியாத்தான் கெடக்கு."

காலியாகத்தான் கிடந்தது. அதை மறுக்க முடியுமா?

வெர்லின் வேலையிலிருந்து வந்து காரை நிறுத்திவிட்டு, புல்வெளியில் 'சரி' அட்டையும் 'வேண்டாம்' அட்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"மேவிஸ் வந்து கேட்டா," என்றாள் ஆர்டிஸ் வாசலிலிருந்து. "எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"அதுவும் சரிதான்," என்றான் வெர்லின். அவனும் அந்த ஊர்க்காரன்தானே. பிடுங்கி எறிந்தால் மேவிஸ் தினமும் நாயைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாகப் போவாள், வருத்தப்படுவாள். இரண்டு நாள் கழித்துக் காற்றில் 'வேண்டாம்' ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, குனிந்து மண்ணை அழுத்தி அதை நிமிர்த்தி வைத்ததும் வெர்லின்தான். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த ஆர்டிஸுக்கு அவன்மேல் பாசமும் எரிச்சலும் சேர்ந்து பொங்கிக்கொண்டு வந்தன. இவ்வளவு நல்லவனாக இல்லாமல் போயிருந்தால் என்றைக்கோ சொல்லித் தொலைத்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மாதா கோவிலின் கீழ்த்தள அறையில் ஓட்டுப் போட்டார்கள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால், பேனாவைப் பிடித்தபடி, தான் இதைச் செய்வது லைப்ரரிக்காக என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒழுகும் கூரை, குழந்தைகள், வாளி. நல்ல காரணங்கள், அத்தனையும் உண்மை. ஆனால் வாக்குச்சீட்டில் 'வேண்டாம்' என்பதற்கு எதிரே இருந்த வட்டத்தைக் கறுப்பாக்கியபோது கண்முன் வந்தது வாளி அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலைச் சமையலறை வந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி விழுகிறது, ரேடியோ அணைந்திருக்கிறது, யாரும் எங்கும் விழுந்து எழவில்லை. மாவட்டத்தின் பொருளாதாரத்தைப் பற்றி முடிவெடுக்கச் சொன்னால், என் காபிக் கோப்பையைப் பற்றி முடிவெடுக்கிறவள் நான் என்று நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த தடுப்பில் வெர்லின் மெல்லச் சீழ்க்கையடித்தபடி தன் வட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடப் பரீட்சையில் போல அவள் கையால் தாளை மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை உணவின்போது ரேடியோ முடிவைச் சொன்னது. வரி ஏற்றம் தோற்றுவிட்டது. கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் அல்ல, மானம் போகிற அளவுக்கு.

வெர்லினின் கிண்ணத்தில் பாலில் போட்ட கார்ன்ஃபிளேக்ஸ் ஊறிக் கூழாகிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தபடி இருந்தான். பிறகு மேஜைக்கு மேலாகக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தான்.

"உன்னை நெனச்சாத்தான் எனக்கு மனசு கேக்கல, ஆர்டி. அந்தக் குளிர்ல எப்படி வீடு வீடா அலைஞ்சே. எனக்காவது பரவாயில்ல. நீ எப்படித் தாங்கப்போறே?"

அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. ரசிகையின் கண்ணீர் என்று அவன் எடுத்துக்கொண்டு, எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டான். அது என்ன கண்ணீர் என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சந்தோஷம் இருந்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. பறிகொடுத்தவனே பறித்தவளுக்கு ஆறுதல் சொல்கிறானே என்ற கூச்சம் இருந்தது. தான் வாய் திறக்காமலே, ஒரு மாவட்டமே சேர்ந்து தன் சார்பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டதில் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிதான் மூன்றிலும் அசிங்கமாகப் பட்டது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மைதானத்துக்கு மிக லேசான மனதோடு போனாள். ஊருக்குக் கிளம்பப்போகும் விருந்தாளியிடம் காட்டும் அன்பு அவளுக்குள் சுரந்தது. உருளைக்கிழங்கில் சீஸைக் கூடப் போட்டாள். லோவலின் கடி ஜோக்குகளுக்கு உண்மையாகவே சிரித்தாள். ஒரு ஆட்டத்தில் தன்னை மறந்து, மற்றவர்களுக்கு முன்பே எழுந்து கத்திவிட்டாள். எதற்குக் கத்தினோம் என்று பிறகுதான் யோசித்தாள். ஒருவேளை ஆட்டத்தின்மேல் அவளுக்குப் பகையே இல்லையோ? உனக்கு வேண்டுமா என்று யாராவது நடுவில் ஒருமுறை கேட்டிருந்தால், ஆமாம் என்றுகூடச் சொல்லியிருப்பாளோ? இந்தச் சந்தேகம் அவளுக்கு எரிச்சலூட்டியது. இத்தனை வருடம் வெறுத்தது வீணாகிவிடும்போலிருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் அணி முதலாளி தொலைக்காட்சியில் தோன்றினார். மக்களின் குரல் தன் நெஞ்சைத் தொட்டுவிட்டது என்றார். ஹார்வே நகரத்தை விட்டுப் போக மனம் வரவில்லை என்றார். அதனால் அணி இங்கேயே, பழைய மைதானத்திலேயே ஆடும். புதிய திட்டம் ஒன்றோடு ஏப்ரலில் மக்களை மறுபடியும் வாக்கெடுப்புக்கு அழைக்கப்போகிறார். மூடித் திறக்கும் கூரை இல்லை, வெறும் மூடிய கூரை. வரியும் கொஞ்சம் குறைவு.

வெர்லின் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். வெளியே மேவிஸின் குரல் தெருவையே எழுப்பியது. வேலிக்கு வந்து நின்று ஆர்டிஸைக் கூப்பிட்டாள்.

"கேட்டியாடி? வேண்டாம்னு சொன்னோம். அவனுக்கு அது 'கொஞ்சம் கொறச்சுக் கேளு'ன்னு கேட்டிருக்கு! ஏப்ரல்ல தோத்தா நவம்பர்ல வருவான். நாம சரின்னு சொல்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பான். சரின்னு ஒரு தடவை சொல்லிட்டாப் போதும், அப்புறம் ஒருத்தனும் கேக்க மாட்டான், பாத்துக்கோ!"

ஆர்டிஸுக்குச் சுருக்கென்றது. மேவிஸ் சொன்னது மைதானத்தைப் பற்றி. ஆனாலும் 'ஓ, பிடிக்குமே' என்று தான் ஒரு தடவை சொன்னதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. தன் மறுப்பை ஊரிடம் கொடுத்துச் சொல்லச் சொன்னாள். ஊரும் சொல்லத்தான் சொன்னது. ஆனால் அவளைப் போலவே அட்டைத் தடுப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சொன்னது. யாருடைய முகத்துக்கு நேராகவும் யாரும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் டாரின் க்ளேபோ வீட்டுக்கு வந்தான். சமையலறை மேஜையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை வைத்தான். புதுத் துண்டுப் பிரசுரங்கள். வெர்லின் அவனுக்குக் காபி ஊற்றினான்.

"போன தடவை எங்க சறுக்கினோம்னு தெருத் தெருவா அலசிப் பாத்தோம்," என்றான் டாரின். "மிசஸ் ஹாக்ஸ்டாட், நீங்க போன தெருக்கள் இருக்கே, பிர்ச், எல்ம், அந்தப் பக்கம்தான் எதிர்ப்பு ரொம்ப பயங்கரம். மாவட்டத்துலயே அதிகம்."

ஆர்டிஸ் சர்க்கரைக் கிண்ணத்தை நேராக்கி வைத்தாள்.

"நெனச்சுப் பாருங்க," என்று டாரின் தொடர்ந்தான். "நீங்க மட்டும் போகாம இருந்திருந்தா இன்னும் எவ்ளோ மோசமாகியிருக்கும்!"

"அதான் நானும் சொன்னேன்!" என்றான் வெர்லின்.

"அதனாலதான் இந்த முறை உங்களையே தொண்டர்களுக்குத் தலைவியாப் போடறதுன்னு முடிவு பண்ணிட்டோம். மொத்த மாவட்டத்துக்கும். அறிவிச்சா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. என்ன சொல்றீங்க?"

"இதுல அவளைக் கேக்க என்ன இருக்கு?" வெர்லினின் முகம் மலர்ந்திருந்தது. "கண்டிப்பா செய்வா."

"இல்ல, நான் கேட்டுக்கணும்ல," என்றான் டாரின், அவள் முகத்தைப் பார்த்து.

ஓ, செய்யலாமே என்ற சொல் வழக்கமான இடத்துக்கு, நாக்கின் நுனிக்கு, தானாகவே வந்து தயாராக நின்றது. ஆர்டிஸ் அதை விழுங்கினாள். ஐம்பத்தாறு வயதில் ஒரு சின்னச் சொல்லுக்கு இவ்வளவு நடுக்கமா என்று அவளுக்குள் ஏதோ ஒன்று சிரிக்கவும் செய்தது.

"இல்ல டாரின்," என்றாள். "நான் செய்யல."

டாரின் காத்திருந்தான். அந்த ஊரில் முதல் இரண்டு மறுப்புகளுக்கு மதிப்பில்லை. "உங்களுக்குச் சிரமம்தான், புரியுது. பாதி மாவட்டம் மட்டும்?"

"வேண்டாம்ப்பா."

"சரி, இந்த நாலு தெரு மட்டும்?"

"அதுவும் வேண்டாம்."

டாரின் வெர்லினைப் பார்த்தான். வெர்லின் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அடுத்த வீட்டில் ஏதோ உடைந்த சத்தம் கேட்டவனைப் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"களைச்சுப் போயிட்டா போல," என்று டாரினிடம் சொன்னான். பிறகு அவளிடம், மெதுவாக: "சரி, அதை விடு. நாளைக்கு மைதானத்துல லோவல்கிட்டயும் மத்தவங்ககிட்டயும் பேசிக்கலாம். ஒன்பது மணிக்குக் கிளம்பினாப் போதும், இல்லையா?"

"நீ போயிட்டு வா, வெர்லின்," என்றாள் அவள். "நான் வரல."

"ஏன், உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்," என்றாள் ஆர்டிஸ். "வரல."